இரும்புப் பெட்டிக்குள் இணையம்: கேம்பர்வேன் சிக்னல் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஊரில் ஃபோன் வேலை செய்யவில்லை என்றால் “டவர் கிடைக்கவில்லை” என்பார்கள். பிரிட்டனுக்கு வந்து சில ஆண்டுகள் ஆனதும் அந்தச் சொல் நம் வாயிலிருந்து போய்விடுகிறது. இணையம் எந்த வழியாக வந்தாலும் அதற்கு “வைஃபை” என்ற ஒரே பெயர்தான். ஸ்காட்லாந்தின் மலைச்சரிவில், சமைத்து உறங்கும் வசதியுள்ள கேம்பர்வேனை நிறுத்திவிட்டு, வீட்டாருடன் பேசிக்கொண்டிருக்கும்போது வீடியோ உறைந்து நின்றால், பக்கத்து வேன்காரர் தவறாமல் சொல்வது இதுதான்: “வைஃபை சரியில்லை, ஒரு பூஸ்டர் வாங்கிப் போடுங்கள்.” அக்கறையோடு சொல்லும் இந்த அறிவுரையில் இரண்டு பிழைகள் உள்ளன. உறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் வைஃபை அல்ல. பூஸ்டர் என்ற பெயரில் விற்கப்படும் பொருள்களில் பல, இல்லாத ஒன்றைப் பெருக்க முயல்பவை. பழைய “டவர்” என்ற சொல் இதைவிடத் துல்லியமானது, ஏனென்றால் மறுமுனையில் நம் பேச்சைக் கேட்க ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதை அது நினைவூட்டுகிறது.

வேனில் பயணம் செய்யும்போது இணையத் தொடர்பு எப்படி வருகிறது, எங்கே அறுபடுகிறது, எதற்குப் பணம் செலவழிப்பது பயன் தரும் என்பதை, மின்னணுவியல் படிக்காதவருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்போம்?

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றவுடன் யாரும் புதுக் குழாய் வாங்க ஓடுவதில்லை. திருகு அடைத்திருக்கிறதா, மொட்டைமாடித் தொட்டி காலியா, தெருக்குழாயிலேயே தண்ணீர் விடவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். இணையத்துக்கும் இதே போல மூன்று கட்டங்கள் உண்டு.

முதலாவது, கையில் இருக்கும் ஃபோனுக்கும் வேனுக்குள் இருக்கும் ரவுட்டருக்கும் இடையிலான சில அடித் தூரம். ரவுட்டர் என்பது சிம் அட்டையைப் போட்டுக்கொண்டு டவரிலிருந்து இணையத்தை வாங்கி, வேனில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் பெட்டி. இந்தச் சில அடிக்கு மட்டுமே வைஃபை என்று பெயர். இரண்டாவது, ரவுட்டருக்கும் டவருக்கும் இடையில் சில நூறு மீட்டரிலிருந்து பல கிலோமீட்டர் வரை நீளும் தூரம். இங்கே ஓடுவது 4ஜி அல்லது 5ஜி என்னும் மொபைல் அலை. மூன்றாவது, டவரிலிருந்து வெளியுலகுக்குச் செல்லும் இணைப்பு. அது நம் கையில் இல்லை.

நான்கு மீட்டர் நீள வேனுக்குள் முதல் கட்டம் பழுதாவது அரிது. ஃபோனின் மூலையில் வைஃபை குறி நிறைந்து காட்டியும் பக்கம் திறக்கவில்லை என்றால், பழுது இரண்டாம் கட்டத்திலோ மூன்றாம் கட்டத்திலோதான் இருக்கிறது. அந்த நேரத்தில் “வைஃபை பூஸ்டர்” வாங்குவது, தொட்டி காலியாக இருக்கும்போது குளியலறைக் குழாயை மாற்றுவதைப் போன்றது.

சுருக்கமாக: வேனுக்குள் இருப்பது வைஃபை, வேனிலிருந்து டவருக்குப் போவது மொபைல் அலை. பயணத்தில் நமக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் இரண்டாவது.

வேனே முதல் தடை

கைப்பேசியை ஒரு எவர்சில்வர் தூக்குவாளிக்குள் வைத்து மூடிவிட்டு, வேறொரு ஃபோனிலிருந்து அழைத்துப் பாருங்கள். டவர் அருகில் இருந்தால் மூடியின் இடுக்கு வழியாகவே அலை நுழைந்து மணி அடித்துவிடும். டவர் தொலைவில் இருந்தால் “தொடர்பு எல்லைக்கு வெளியே” என்ற பதில் வரும். உலோகம் வானலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. தகட்டு உடலமைப்பு கொண்ட வேன் என்பது, சன்னல்கள் என்ற சில இடுக்குகளைக் கொண்ட பெரிய தூக்குவாளிதான். கண்ணாடியிழை உடலமைப்பு கொண்ட வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. அலுமினியத் தகடு போர்த்தியவற்றில் அதிகம். குளிருக்காகச் சுவருக்குள் ஒட்டும் வெப்பத்தடுப்புப் பஞ்சின் முதுகில் ஈயத்தாள் போன்ற படலம் இருந்தால் அதுவும் தன் பங்குக்குத் தடுக்கும்.

இதை நான் கற்றது ஒரு மாலை நேரத்தில். பகல் முழுவதும் ஒழுங்காக இருந்த இணைப்பு, இரவு உணவுக்குப் பின் தினமும் தள்ளாடியது. எல்லோரும் இரவில்தான் படம் பார்க்கிறார்கள், அதனால் நெரிசல் என்று முடிவுகட்டியிருந்தேன். ஒருநாள் ரவுட்டரின் அளவீட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே முன்கண்ணாடிக்கு வெள்ளித்திரையை மாட்டினேன். வெள்ளித்திரை என்றதும் சினிமா நினைவுக்கு வர வேண்டாம். குளிரைத் தடுக்க வேன்காரர்கள் கண்ணாடியில் மாட்டும், வெள்ளிநிறப் படலம் பூசிய திரைக்கு இங்கே வழங்கும் பெயர் அது. மாட்டிய மறுகணமே, அளவீட்டுப் பக்கத்தில் சிக்னலின் வலிமையைக் காட்டிய மைனஸ் 101 என்ற எண் மைனஸ் 108-க்கு இறங்கியது. கழற்றினேன், பழைய எண் திரும்பியது. இருந்த ஒரே பெரிய இடுக்கையும் ஒவ்வோர் இரவும் நானே அடைத்து வந்திருக்கிறேன்.

ஆகவே செலவில்லாத முதல் மருத்துவம், ரவுட்டரை அலமாரியிலிருந்தும் இருக்கைக்கு அடியிலிருந்தும் வெளியே எடுத்து, கூரையில் உள்ள பிளாஸ்டிக் சாளரத்துக்கு அடியிலோ, டவர் இருக்கும் பக்கத்துச் சன்னலோரத்திலோ வைப்பது. வண்டியை நிறுத்தும் திசையைத் திருப்புவதும் சில நேரங்களில் இதே பலனைத் தரும்.

கோடுகள் சொல்வதும் சொல்லாததும்

ஃபோனின் மூலையில் தெரியும் நான்கு கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எத்தனை வலிமைக்கு எத்தனை கோடு என்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஏற்கும் அளவுகோல் கிடையாது. ஒரே மேசையில் வைத்த இரண்டு ஃபோன்கள் வெவ்வேறு கோடுகளைக் காட்டுவது இதனால்தான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கிடைக்கும் இரண்டு எண்கள் இதைவிட நம்பத்தக்கவை. அவற்றைப் படிக்க, டெசிபெல் என்ற ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும்.

டெசிபெல் என்பது எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு. 3 டெசிபெல் கூடினால் வலிமை இரு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. என் வெள்ளித்திரை பறித்துக்கொண்ட 7 டெசிபெல் என்பது, வந்துகொண்டிருந்த அலையில் ஐந்தில் நான்கு பங்கு.

முதல் எண்ணுக்கு ஆர்.எஸ்.ஆர்.பி. என்று பெயர், டவரிலிருந்து வரும் அலை எவ்வளவு வலிமையாக வந்து சேர்கிறது என்பதை அது சொல்லும். இது எப்போதும் மைனஸ் குறியோடு வரும், பூச்சியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 80 என்றால் மிக நன்று. மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 115-ஐத் தாண்டினால் இழுபறிதான்.

இரண்டாவது எண் எஸ்.ஐ.என்.ஆர். நமக்கு வேண்டிய அலை, சுற்றியுள்ள இரைச்சலைக் காட்டிலும் எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்பதை அது சொல்லும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் காதோடு சொன்னாலும் விளங்காது. அதே மண்டபம் காலியான பின், மறுகோடியில் இருந்து மெல்லப் பேசினாலும் கேட்கும். பேசுபவரின் குரல் அளவு மட்டும் போதாது, சுற்றுச்சத்தத்தோடு அதை ஒப்பிட வேண்டும். எஸ்.ஐ.என்.ஆர். 20-க்கு மேல் என்றால் மண்டபம் காலி. 10 என்றால் பேசலாம். பூச்சியத்துக்குக் கீழே போனால் கெட்டிமேளம்.

இணைய வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்தான் என்பதைப் பலர் அறிவதில்லை. மலையுச்சியில் நிறுத்தினால் நல்ல சிக்னல் கிடைக்கும் என்று நினைத்து ஏறியவர்கள், கோடுகள் நிறைந்திருந்தும் வேகம் இல்லாமல் திகைப்பதுண்டு. உச்சியிலிருந்து பார்த்தால் பல டவர்கள் தெரியும். அவை ஒரே அலைவரிசையில் பேசும்போது, ஒன்றின் பேச்சு மற்றதற்கு இரைச்சலாகிவிடுகிறது.

சுருக்கமாக: ஆர்.எஸ்.ஆர்.பி. குரலின் வலிமை, எஸ்.ஐ.என்.ஆர். அதன் தெளிவு. எந்தப் பொருளை வாங்கினாலும், அது இரண்டில் எதை மாற்றுகிறது என்று கேட்க வேண்டும்.

தாழ்ந்த அலை, உயர்ந்த அலை

தொலைவில் நடக்கும் திருவிழாவில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால், நம் வீட்டுக்கு வந்து சேர்வது தாளத்தின் ‘டும் டும்’ மட்டும்தான். சொற்கள் வழியிலேயே தேய்ந்துவிடும். வானலையிலும் இதற்கு நிகரான ஒன்று நடக்கிறது. ஒரு நொடியில் அலை எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வு. பிரிட்டனில் 4ஜி சேவை 800, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸ் அளவுகளிலும், 5ஜி சேவை 700 மெகாஹெர்ட்ஸிலும் 3400 முதல் 3800 வரையிலும் நடக்கிறது. தாழ்ந்தவை மரத்தையும் சுவரையும் ஓரளவு கடந்து, மேட்டைச் சற்றே வளைந்தும் வந்து சேரும், ஆனால் அவற்றில் இடம் குறைவு என்பதால் வேகமும் குறைவு. உயர்ந்தவை வேகம் மிக்கவை, தூரமும் தடையும் அவற்றுக்கு ஆகாது. நாட்டுப்புறத்தில் பெரும்பாலும் நம்மை வந்தடைவது 800 மெகாஹெர்ட்ஸ் அலைதான் என்பதால், அலையைப் பிடிக்க நாம் வாங்கும் ஆன்டெனா அந்த அளவிலும் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது, பெட்டியில் பெரிதாக அச்சிட்ட “5ஜி” என்ற எழுத்தைப் பார்ப்பதைவிட முக்கியம்.

கையைக் குவித்துக் காதில் வைப்பது

தொலைவில் கூப்பிடுபவரைக் கேட்க, கையைக் குவித்துக் காதருகே வைக்கிறோம். அவர் குரல் கூடவில்லை. அத்திசையிலிருந்து வரும் ஒலியை நாம் கூடுதலாகச் சேகரிக்கிறோம், பின்னாலிருந்து வரும் சத்தத்தை ஓரளவு ஒதுக்குகிறோம். அதே கையை வாயருகே குவித்தால் நம் குரலும் அத்திசையில் தூரம் போகிறது. ஆன்டெனா செய்வது இதுதான், இரு பக்கமும். ஒரு ஃபோன் டவரை நோக்கி அனுப்பும் உச்ச ஆற்றல் ஏறத்தாழ 200 மில்லிவாட். டவரோ பல பத்து வாட் அனுப்பும். எனவே பல இடங்களில் டவர் சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது டவருக்குக் கேட்காது. கோடு தெரிந்தும் செய்தி போகாமல் சுற்றிக்கொண்டே இருப்பதன் காரணங்களில் இது முக்கியமானது.

வேன்களில் இருவகை ஆன்டெனாக்களைக் காணலாம். கூரையில் திருகிப் பொருத்தும் கவிழ்த்த கிண்ணம் போன்றது எல்லாத் திசையிலும் கேட்கும். வண்டி ஓடும்போதும் வேலை செய்யும். கம்பத்தில் ஏற்றி டவரை நோக்கித் திருப்பும் திசை ஆன்டெனா ஒரே பக்கம் கேட்கும். மற்ற டவர்களின் இரைச்சலை ஒதுக்குவதால் எஸ்.ஐ.என்.ஆர். எண்ணை உயர்த்தும். ஒரே இடத்தில் பல நாள் தங்குபவருக்கு இரண்டாவது நல்லது; நாளொரு ஊர் என்று போகிறவர், ஒவ்வொரு மாலையும் மழையில் நின்று கம்பத்தைத் திருப்பச் சில வாரங்களில் சலித்துப்போவார். என்னைக் கேட்டால் முதலில் கூரைக் கிண்ணம் போதும். கேட்கும் திறனைவிட, அது இரும்புப் பெட்டிக்கு வெளியே இருப்பதே அதன் பெரும் பலன்.

ஆன்டெனாவுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான கேபிளில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பென்சில் பருமனுக்கும் குறைந்த சாதாரணக் கேபிள் 5 மீட்டர் ஓடினால், 1800 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். மிச்சமிருக்கும் கேபிளைச் சுருட்டி அலமாரிக்குள் திணிக்காமல், ரவுட்டரை ஆன்டெனாவுக்கு அருகில் நகர்த்துவதே சரி. ரவுட்டரை நகர்த்தினால் அது ஃபோனிலிருந்து தள்ளிப்போய் வைஃபை குறையாதா என்று கேட்கலாம். அது வேனுக்குள்ளேயே சில அடி போவதால் கவலையில்லை.

இன்னொன்று: கிண்ண ஆன்டெனாவிலிருந்து ஒன்றல்ல, பல கேபிள் வால்கள் தொங்கும். 4ஜி ரவுட்டர் ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டெனாக்களால் இரண்டு தனித்தனி ஓட்டங்களை வாங்கும். இதற்கு மைமோ என்று பெயர். ஒரு வாலை மட்டும் இணைத்தால் பாதி வேகத்தை இழந்தபடி, எல்லாம் சரியாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்போம். வால்களில் சில வைஃபைக்கும், ஒன்று ஜி.பி.எஸ்ஸுக்கும் உரியவை. அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சிறு சீட்டைப் படிக்காமல் மாற்றிச் செருகியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பூஸ்டர் என்ற ரிப்பீட்டர்

உண்மையான பூஸ்டருக்குத் தொழில்நுட்பப் பெயர் ரிப்பீட்டர். வெளியே ஓர் ஆன்டெனாவால் டவரின் அலையை வாங்கி, பெருக்கி, உள்ளே இன்னோர் ஆன்டெனாவால் மறுபடி ஒலிபரப்பும் கருவி அது. ஃபோன் அனுப்புவதையும் அதேபோல் பெருக்கி வெளியே அனுப்பும். தாத்தாவின் காதுக்கருவியைப் போல, அது பேச்சையும் பெருக்கும், பின்னணியில் ஓடும் மிக்ஸியின் சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கும். ஆர்.எஸ்.ஆர்.பி. எகிறும், கோடுகள் நிறையும், எஸ்.ஐ.என்.ஆர். நகராது. வெளியே நல்ல அலை இருந்து, வண்டியின் தகடு மட்டுமே தடையாக இருக்கும் இடத்தில் ரிப்பீட்டர் பயன்படும். வெளியிலேயே அலை இல்லாத பள்ளத்தாக்கில் பெருக்குவதற்கு ஒன்றும் இருக்காது. வீடுகளுக்கும் வண்டிகளுக்கும் விற்கப்படும் ரிப்பீட்டர்களில் பெரும்பாலானவை மைமோவின் இரண்டு ஓட்டங்களை ஒன்றாக்கிவிடுவதும் ஒரு குறை. அதே பணத்துக்குக் கூரை ஆன்டெனாவும் நல்ல ரவுட்டரும் வாங்குவது மேல் என்பது என் கருத்து. ஃபோனில் நேரடியாகப் பேச்சு அழைப்பு வர வேண்டும் என்பவருக்கு மட்டும் இதற்கு விலக்கு.

மேடையில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் ‘கீ’ என்று காதைக் கிழிக்கும் அல்லவா? ரிப்பீட்டரின் உள் ஆன்டெனாவும் வெளி ஆன்டெனாவும் நெருங்கினால் அதே கூச்சல் வானலையில் எழும்; சுற்று வட்டாரத்தில் மற்றவர்களின் சேவையையும் அது கெடுக்கும். வேன் போன்ற சிறிய இடத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. சட்டம் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம், 2018 முதல், வாகனங்களில் பொருத்துபவற்றில் தான் வகுத்த தரத்துக்கு உட்பட்ட குறைதிறன் ரிப்பீட்டர்களுக்கு மட்டும் உரிமம் தேவையில்லை என்று அனுமதித்திருக்கிறது. இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெயரற்ற பெட்டிகள் அந்தத் தரத்துக்குள் வருவதில்லை. இந்தியாவில் அனுமதியின்றி இவற்றைப் பொருத்துவது குற்றம் என்பதால், லண்டனில் வாங்கி ஊருக்கு அன்பளிப்பாக அனுப்பும் எண்ணமும் வேண்டாம்.

கேம்ப்சைட் வைஃபையும் இரண்டாவது சிம்மும்

வேன்களை நிறுத்தித் தங்கும் கேம்ப்சைட்டில் தரும் இலவச வைஃபை அலுவலகக் கட்டடத்திலிருந்து கிளம்புகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் ஆற்றலுக்கு ஐரோப்பாவில் 100 மில்லிவாட் என்ற எல்லை உண்டு. எண்பது மீட்டர் தள்ளி, ஈர இலைகளுக்கும் வேறு பத்து வேன்களுக்கும் அப்பால் நிற்கும் நம்மிடம் அது வந்து சேரும்போது களைத்துப்போயிருக்கும். இதற்கு மட்டும், கூரையில் வைஃபை ஆன்டெனா வைத்து அந்த அலையைப் பிடித்து உள்ளே பகிரும் கருவி உண்மையாகவே உதவும். ஆனால் அலுவலகத்துக்கு வரும் தொலைபேசிக் கம்பியே மெலிந்ததாக இருந்து, அதை ஐம்பது குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டால், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

பொருள் வாங்கும் முன் வேறொரு நிறுவனத்தின் சிம்மை ஒருமாதத் திட்டத்தில் வாங்கிப் பார்ப்பது, நூறு பவுண்டு ஆன்டெனா செய்யாததைச் சில நேரம் செய்துவிடும், ஏனென்றால் அந்த நிறுவனத்தின் டவர் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கலாம். இதில் ஒரு கண்ணி உண்டு: எல்லா சிம் நிறுவனங்களுக்கும் சொந்த டவர் இல்லை. இலங்கைத் தமிழர்கள் தொடங்கிய லெபாரா வோடஃபோன் டவர்களைப் பயன்படுத்துகிறது. கிஃப்கேஃப் என்ற சிம் நிறுவனம், ஓடூ நிறுவனத்தின் டவர்களை. வோடஃபோன் ஒன்று, லெபாரா ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருப்பவர் பெயரளவில் இரண்டு வைத்திருக்கிறார், டவர் ஒன்றுதான். பழைய ரவுட்டர் வாங்குபவர் அது 4ஜி பேசுமா என்றும் பார்க்க வேண்டும்; பிரிட்டன் நிறுவனங்கள் 2023 தொடங்கி 3ஜியை ஒன்றன்பின் ஒன்றாக அணைத்து வந்திருக்கின்றன.

டவரே இல்லாத இடம்

ஸ்காட்லாந்தின் கிளென்கோ போன்ற பள்ளத்தாக்குகளில் இருபுறமும் பாறை எழுந்து நிற்கிறது. பாறையை எந்த ஆன்டெனாவும் துளைக்காது. அங்கே மிஞ்சுவது மேலே பார்ப்பதுதான். இணையம் தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைக் கோள்களைப் போலப் பேச்சுக்கும் மறுமொழிக்கும் இடையே அரை நொடி இழுக்காது. 2024-இல் வந்த அதன் சிறிய தட்டு வடிவ ஆன்டெனா 25 முதல் 40 வாட் மின்சாரம் கேட்கும். பத்து மணி நேரம் ஓடினால், 12 வோல்ட் பேட்டரியில் அது 21 முதல் 33 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி பேட்டரி வைத்திருப்பவருக்கு அது சிறிய செலவல்ல. சாதாரண 4ஜி ரவுட்டர் இதில் நான்கில் ஒரு பங்கே தின்னும். தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். பைன் மரத்தடியில் நிறுத்தினால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறுபடும்.

எண்கள் நன்றாக இருந்தும் மெதுவாக இருந்தால்

ஆர்.எஸ்.ஆர்.பி. மைனஸ் 90, எஸ்.ஐ.என்.ஆர். 15, இருந்தும் இரவு எட்டு மணிக்கு வீடியோ நகரவில்லை என்றால், அது நாம் முதலில் பார்த்த மூன்றாம் கட்டம், அல்லது டவரில் கூட்டம். ஒரு டவரின் திறனை அதனோடு இணைந்த எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில் கடற்கரைக் கிராமத்தின் டவருக்கு, அது யாருக்காக நடப்பட்டதோ அவர்களைவிடப் பல மடங்கு விருந்தாளிகள். இதற்கு விற்பனையில் கருவி இல்லை. பெரிய கோப்புகளையும் குழந்தைகளுக்கான படங்களையும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, வேனில் மற்றவர்கள் உறங்கும்போது, தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்கிறேன். வெள்ளித்திரையை அப்போது முன்கண்ணாடியிலிருந்து பாதி மட்டும் விலக்கிவிடுவேன். முழுவதும் எடுத்தால் குளிர்கிறது.